எஃப்எல்-41 ரோஸ் கண்ணாடி: ஆராவோடு வரும் மைக்ரேனுக்கு நெடுநாள் போட்டுப் பார்த்ததில்

போன வாரம் என் எஃப்எல்-41 கண்ணாடியின் கீல் கழன்றுவிட்டது. சரிசெய்து வாங்கிய அன்றே தோழி ஒருத்தி கேட்டாள்: "விலையைக் குறைத்திருக்கிறார்களே, வாங்கட்டுமா?" அவளுக்கும் என்னைப் போலவே ஆராவோடு வரும் மைக்ரேன், அதாவது வலிக்கு முன்னால் பார்வையில் ஓட்டையும் மினுக்கமும் தோன்றும் ஒற்றைத் தலைவலி. வாங்கு, வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை.

இந்தக் கண்ணாடி என்ன செய்யும் என்பது தேடி வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். லென்ஸில் ரோஸ் சாயம். 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியை அது வடிகட்டிக் குறைக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியுள்ள செல்கள் அந்த ஒளிக்குத்தான் மிக அதிகமாகத் தூண்டப்படுகின்றன. அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞை மூளையில் தலைவலிப் பாதையோடு போய்ச் சேர்கிறது. பார்வை இழந்தவர்களிலும் இந்தச் செல்கள் வேலை செய்பவர்களுக்கு மைக்ரேன் நேரத்தில் வெளிச்சம் வலியைக் கூட்டுகிறது என்று 2010-இல் ஆய்வு வந்தது. கண் கூசுகிறது என்று நாம் சொன்னால் 'மனப்பிரமை' என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய நல்லது. வலி வரும் நாளுக்கு என்று நினைத்துத்தான் வாங்கினேன். உதவியது வலி இல்லாத நாட்களில். டியூப் லைட் வரிசையாக எரியும் அறையில் மாலைவரை உட்கார்ந்தால் புருவத்துக்கு மேலே ஒரு இறுக்கம் ஏறிக்கொண்டே போகும், அது இப்போது அநேகமாக வருவதில்லை. வலி விட்ட மறுநாள் தலை கனமாக, எந்த வெளிச்சமும் ஆகாமல் கிடப்போமே, அன்றும் எழுந்து வேலையைப் பார்க்க முடிகிறது. இதனால் வந்த இன்னொரு லாபம், மாத்திரை குறைந்தது. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகையை 10 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்த்துவிடும். இறுக்கம் வரும்போதெல்லாம் மாத்திரையைத் தேடும் பழக்கத்திலிருந்து இந்த ரோஸ் லென்ஸ் என்னை விலக்கியது. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிடும், கூச்சம் இன்னும் கூடும். இந்தச் சாயம் அவ்வளவு இருட்டில்லை.

புது மோகத்தில் எழுதிவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். அதற்குக் காரணம் ஒரு ஆய்வு. 1991-இல் இங்கிலாந்தில் மைக்ரேன் உள்ள 20 பிள்ளைகளுக்கு நான்கு மாதம் சாயக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்கு ரோஸ், சிலருக்கு நீலம். முதல் மாதம் இரண்டு தரப்புக்குமே தலைவலி வருவது குறைந்தது. நான்காம் மாதத்திலும் அந்தக் குறைவு நிலைத்தது ரோஸ் போட்டவர்களுக்குத்தான்; மாதத்துக்குச் சராசரி 6.2 முறை வந்தது 1.6 ஆனது. ஆக, முதல் மாத மகிழ்ச்சியை நம்பக் கூடாது. அதற்குப் பிறகும் எனக்குப் பலன் நிலைத்தது. 20 பேர் என்பது சிறிய ஆய்வு, எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனிமேல் கோபம். இந்த ஃப்ரேம்! லென்ஸுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் ஃப்ரேமைச் சாதாரண அளவில், குறுகலாகச் செய்திருக்கிறார்கள். நெற்றிக்கு மேலிருந்து ஒரு கீற்று, காதோரத்திலிருந்து ஒரு கீற்று என்று வெள்ளை வெளிச்சம் உள்ளே வருகிறது. பக்கத்திலிருந்து வருவது லென்ஸின் பின்பக்கத்தில் பட்டு நேராகக் கண்ணுக்குள் அடிக்கிறது. நல்ல நாளில் கவனத்துக்கே வராது. மைக்ரேன் நாளில் கண் வேறெதையும் பார்க்காது, அந்தக் கீற்றைத்தான் பார்க்கும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போடுவதே வழக்கமாகிவிட்டது. புதுக் கீல் போட்ட பிறகு கண்ணாடியின் கை இன்னும் சற்று அகலமாக விரிகிறது, இடைவெளியும் கூடிவிட்டது. பக்கங்களை மூடிய ஃப்ரேம் தருவீர்களா என்று தயாரிப்பாளருக்கு எழுதினேன். "பார்க்க இயல்பாக இருப்பதையே வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள்" என்று பதில் வந்தது. வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அழகு எதற்கு?

அதைவிட வலித்தது பெட்டியின் மேல் இருக்கும் ஒரு வரி: 'ஆராவைத் தடுக்கிறது.' இல்லை, தடுக்காது. படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு எழுத்து காணாமல் போகும். அந்த ஓட்டையின் விளிம்பில் பல் பல்லாக, மினுங்கும் ஒரு வளைவு முளைக்கும். அது மெல்ல விரிந்து பார்வையின் ஓரத்துக்கு நகரும். பிறகு விரல் நுனியில் மரமரப்பு தொடங்கி கையேறி உதடுவரை வரும்; சில சமயம் சொல்ல வந்த சொல் வாயில் வராது. கண்ணை மூடினாலும் அந்த மினுக்கம் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது கண்ணில் நடப்பதில்லை. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆராவையே வரைந்து வைத்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் கணக்கிட்டார். 1944-இல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டைடிஸ் லியோ முயல் மூளையில் அதே போல மெதுவாகப் பரவும் ஓர் அலையைப் பதிவுசெய்து எழுதினார். கிளம்பிவிட்ட அந்த அலையை மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சாயம் எப்படி நிறுத்தும்? என் ஆரா கண்ணாடிக்கு முன்பு எப்படி வந்ததோ அப்படியேதான் இப்போதும் வருகிறது. பயந்து கிடப்பவர்களிடம் இப்படி ஒரு வரியைக் காட்டி விற்பது எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு உதவுவது வேறு. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் உடனே ஓரம் கட்டுவேன். ஆரா பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், அதுவரை உட்கார்ந்திருப்பேன். டிரிப்டானை ஆரா ஓடும்போது விழுங்கினால் பின்னால் வரும் வலி தடைபடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை; வலி தலைதூக்கும்போதே போடு என்றார் என் மருத்துவர், எனக்கு அதுதான் சரிப்படுகிறது. மைக்ரேனில் வயிறும் மந்தமாகி மாத்திரை உள்ளே ஏறத் தாமதமாகும் என்பதால் வாந்திக்கான மருந்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தோழிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், கண்ணாடி விற்பவர் யாரும் சொல்லாதது. ஆரா உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், பக்கவாத ஆபத்து கூடும் என்பதால். அப்புறம், வாழ்க்கையில் முதல்முறை ஆரா வந்தாலோ, மெல்லப் பரவாமல் சட்டென்று ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலோ மைக்ரேன்தான் என்று தானே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, மதிப்பெண். ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டுதானா என்று கேட்பீர்கள். லென்ஸுக்கு மட்டும் என்றால் நான்கரை கொடுப்பேன். ஆனால் இந்தப் பெட்டியை வாங்குகிறவர் அந்த ஃப்ரேமையும் அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். விலை குறைந்ததால் இரண்டும் மாறிவிடவில்லை. அதனால், இதை வாங்காதே. முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார். பிறகு பக்கங்களை மூடும் ஃப்ரேம் ஒன்றை நீயே தேர்ந்தெடுத்து, இதே சாயத்தை அதில் ஏற்றித் தரும் கண்ணாடிக் கடையாகப் பார்த்துச் செய்துகொள். நானும் என் அடுத்த ஜோடியை அப்படித்தான் செய்யக் கொடுத்திருக்கிறேன்.