ஃபார்மேட் ஆன வன்தட்டு: டெஸ்ட்டிஸ்க், விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி, ஃபோட்டோரெக் – எதை எப்போது நாடுவது?

கோப்புகளை மீட்கும் இலவசக் கருவிகளில் இம்மூன்றும் நம்பகமானவை. ஆனால் ஒவ்வொன்றும் வட்டில் தேடுவது வெவ்வேறு தடயத்தை என்பதால், நேர்ந்தது என்ன என்று அறியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பயன் தராது.

குவிக் ஃபார்மேட் செய்யும்போது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு அட்டவணை மட்டுமே புதிதாக எழுதப்படுகிறது. படங்களும் ஆவணங்களும் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முழு ஃபார்மேட் அப்படியல்ல. விண்டோஸ் விஸ்டா தொடங்கி அது வட்டு முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடுவதால், அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் பயனில்லை. எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்களில் சேமிக்கும் வகை) குவிக் ஃபார்மேட்டே பெரும்பாலும் ஆபத்தானது. பயன்படாத இடத்தைக் காலியாக்கலாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை சென்றுவிட்டால் பழைய தரவு திரும்பக் கிடைப்பது மிக அரிது.

பலர் ஃபார்மேட் என்று சொல்வது உண்மையில் விண்டோஸ் நிறுவும்போது தவறான பார்ட்டிஷனை (வட்டின் ஒரு பிரிவை) நீக்கியதாக இருக்கும். அதற்கு டெஸ்ட்டிஸ்கே சிறந்தது. தொலைந்த பார்ட்டிஷனின் எல்லைகளைக் கண்டறிந்து பார்ட்டிஷன் அட்டவணையில் மீண்டும் எழுதிவிட்டால், கோப்புறைகள் பழைய பெயர்களோடு அப்படியே திரும்பும். அதே இடத்தில் ஏற்கெனவே புதிய ஃபார்மேட் நடந்திருந்தால் இதன் பயன் வெகுவாகக் குறையும்.

அந்த நிலையில், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு அமைப்பு) வட்டு என்றால், 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரியை முதலில் முயலலாம். புதிய ஃபார்மேட் பழைய கோப்பு அட்டவணையின் தொடக்கப் பகுதியை மட்டும் அழித்திருக்க, எஞ்சிய பதிவுகள் கோப்புகளின் பெயரோடு கிடைக்க வாய்ப்புண்டு. ஃபார்மேட் ஆன வட்டுக்கு இதன் எக்ஸ்டென்சிவ் முறையைப் பயன்படுத்த வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் மட்டுமே இயங்குவதால் புதியவர்கள் தயங்குவார்கள் என்றாலும், கோப்புகளின் பெயர்கள் மீள்வதன் மதிப்பு அந்தச் சிரமத்தைவிடப் பெரிது.

ஃபோட்டோரெக்கை நான் கடைசியாகவே வைப்பேன். அதன் திறமை குறைவு என்பதால் அல்ல, அது தரும் விளைவைக் கையாள்வது கடினம் என்பதால். அட்டவணை எதையும் நம்பாமல், ஒவ்வொரு கோப்பு வகையின் தொடக்க அடையாளத்தையும் வட்டு முழுவதும் தேடி எடுக்கும் இது, ஏறத்தாழ எல்லாம் அழிந்ததாகத் தோன்றும் வட்டிலிருந்தும் படங்களைக் கொண்டுவரும். ஆனால் பெயர்களும் கோப்புறைகளும் போய்விடும். என் குடும்பப் படங்களை இப்படி மீட்டபோது, எஃப் என்ற எழுத்தும் எண்களுமாகப் பெயரிடப்பட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடைத்தன. இடையிடையே டி (t) என்று தொடங்கும் சிறு முன்தோற்றப் படங்களும் கலந்திருந்தன. படத்துக்குள் பதிவாகியிருக்கும் எடுத்த தேதியைக் கொண்டு வரிசைப்படுத்தியதுதான் என்னைக் காப்பாற்றியது. காணொளிகளில் சில திறக்கவே இல்லை. பெரிய கோப்புகள் வட்டில் துண்டுதுண்டாகச் சிதறியிருந்தால் அவற்றை ஃபோட்டோரெக்கால் பெரும்பாலும் ஒட்டவைக்க இயலாது.

எதைத் தேர்ந்தாலும், அந்த வட்டில் இனி ஒரு கோப்பும் எழுதக்கூடாது. மீட்கும் கருவியை அதில் நிறுவுவதும், மீட்டதை அதிலேயே சேமிப்பதும் எஞ்சியதையும் அழிக்கும். வட்டின் முழுப் படிமம் (அப்படியே எடுத்த நகல்) ஒன்றை வேறொரு வட்டில் எடுத்து, அதில் முயற்சிப்பதே பாதுகாப்பானது. வட்டு டக்டக் என ஒலித்தால் மூன்றையும் விட்டு, உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.