செம்பா, பிளாஸ்டிக்கா? டர்பனில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாற்றுகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வந்து நிற்கும். காலையில் குழாயைத் திறந்தால் முதலில் டீ நிறத்தில் தண்ணீர் வரும், சமையலறையில் யாராவது பாத்திரம் கழுவினால் குளிக்கிறவருக்கு நூல் மாதிரி வரும், அப்புறம் சுவரில் ஈரம் படர ஆரம்பிக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பழையதை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டோம். செம்பு போடவில்லை, நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு வைத்த பல அடுக்கு பிளாஸ்டிக் குழாய் போட்டோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தவன் எழுதுவது.

பழைய வீடுகளில் இருக்கும் ஜி.ஐ. பைப்பைப் பற்றி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு போனதும் இரும்பு துருப்பிடிக்கும், துரு உள்ளே அடைக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: செலவைக் குறைக்கப் பாதி வீட்டுக்குச் செம்பும் மீதிக்குப் பழைய ஜி.ஐ.யும் என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் செம்பைக் கடந்து ஜி.ஐ.க்குள் போனால், அதில் கரைந்து வரும் கொஞ்சம் செம்பே அந்த இரும்பை வேகமாக அரித்துவிடும்.

செம்புக்கு வருவோம். "செம்பு போடுப்பா, உன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும்" என்று மாமா சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எகிப்தில் அபுசீரில் சாகுரே மன்னனின் பிரமிடுக் கோயிலில் தண்ணீர் வடியப் போட்ட செப்புக் குழாய் கிடைத்திருக்கிறது. கிட்டத்தட்ட 4,500 வருடப் பழசு. அவ்வளவு தூரம் போவானேன், சோழர்கள் தானம் கொடுத்த ஊரையும் எல்லையையும் செப்பேட்டில் வெட்டிவைத்தது எதற்கு? ஓலை செல்லரிக்கும், செம்பு அரிக்காது. ஆயிரம் வருடம் கழித்தும் எழுத்தைப் படிக்க முடிகிறது. கடற்கரை ஊரில் செம்பு பச்சை பூக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அந்தப் பச்சையே அடியில் இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுகிறது.

இன்னும் இருக்கிறது. எலி கடிக்காது. வெயிலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தீப்பிடித்தால் எரியாது. பாக்டீரியா செம்பின் மேல் நீண்ட நேரம் பிழைப்பதில்லை. 2008-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பே சில செப்புக் கலவைகளைக் கிருமி கொல்லும் பொருள் என்று பதிவு செய்தது. பூஜைச் செம்பில் தண்ணீர் வைத்த பாட்டிகளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று யாராவது சொல்வார்கள், சரி, சொல்லட்டும். இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரில் செம்பு கொஞ்சம் கரையும் என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். காலையில் முதல் தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் போதும்.

இத்தனை நல்ல குணம் இருந்தும் நான் ஏன் போடவில்லை? ஒரே காரணம், அதை விற்க முடியும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் இருக்கும் உறவினர்களிடம் சொன்னால் "குழாயையா திருடுவார்கள்?" என்று சிரிக்கிறார்கள். திருடுவார்கள். இங்கே பல வீடுகளில் குழாய் வெளிச்சுவரில்தான் ஓடும், கீசருக்குப் போகும் குழாயும் சேர்த்து. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரவோடு இரவாக அதை உருவிக்கொண்டு போனார்கள். ரம்பம்கூடத் தேவைப்படவில்லை, மெல்லிய குழாயை முன்னும் பின்னும் வளைத்தே ஒடித்திருக்கிறார்கள். முனை நசுங்கி, உதடு பிதுங்கின மாதிரி இருந்தது. சுவரில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக நின்றன, குழாய் இருந்த இடத்தில் பெயின்ட் அடிக்காத ஒரு நீளக் கோடு. திருடனுக்குக் கிடைத்தது ஒருநாள் சாப்பாட்டுக் காசாக இருக்கும். வீட்டுக்காரருக்கோ விடியும்வரை ஓடிய தண்ணீரின் பில், பிளம்பர் கூலி, புதுக் குழாய் விலை, காப்பீட்டில் கைக்காசாகக் கட்ட வேண்டிய பங்கு. அதைவிட மோசம், மறுபடி செம்பே போட்டால் மறுபடி வருவார்கள், இந்த முறை புத்தம்புதுக் குழாய் என்று தெரிந்தே வருவார்கள்.

ஏன் செம்புக்கு மட்டும் இந்தத் தலையெழுத்து? விலை ஒரு காரணம். 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. ஆனால் விலையைவிட முக்கியம் அதன் குணம். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, பழையது புதியது என்ற பேதம் கிடையாது. ஆனால் உருக்கியபின் அது யாருடைய வீட்டுக் குழாய், எந்த ரயில் பாதைக் கம்பி என்று சொல்ல எந்த அடையாளமும் மிஞ்சாது. சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டுப் பழைய பொருள் விற்பனைச் சட்டப்படி கடைக்காரர் விற்கிறவரின் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும். பொதுக் கட்டமைப்பைச் சேதப்படுத்துகிறவர்களுக்கு 30 வருடம்வரை சிறை என்று 2015-இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. 2022 நவம்பர் 30 முதல் செம்பு உள்ளிட்ட பழைய உலோக ஏற்றுமதிக்கே அரசு தடை போட்டது, அதை அப்புறமும் நீட்டித்தார்கள். நாங்கள் கழற்றியதில் கீசர் பக்கம் இருந்த கொஞ்சம் பழைய செம்பை விற்கப் போனபோது கடையில் அடையாள அட்டை கேட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், எல்லாம் முறைப்படி. முறைப்படி நடக்காத கடையும் எங்கோ இருப்பதால்தானே குழாய் காணாமல் போகிறது?

வேடிக்கை என்னவென்றால் செம்பு இந்த நாட்டுக்குப் பஞ்சமான சரக்கே இல்லை. 1685-இல் கேப்பை நிர்வகித்த டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் அங்கிருந்து வடமேற்கில் இருக்கும் நமக்குவாலாந்துக்குப் போனதே செம்பு தேடித்தான். கிடைத்தது, ஆனால் அந்த வறண்ட தூரத்தைத் தாண்டிக் கொண்டுவர வழியில்லாமல் விட்டுவிட்டார்கள், சுரங்கம் வந்ததெல்லாம் 1850-களில். நாட்டின் வடகிழக்கில் இருக்கும் பலபோர்வாவில் வெள்ளைக்காரர் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் மக்கள் செம்பு உருக்கியிருக்கிறார்கள். அவர்கள் தோண்டிய குன்று இருந்த இடத்தில் இப்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரும் பள்ளம். இப்படித் தோண்டி எடுத்த செம்பைத்தான் ரயில்வேக்காரர்களும் மின்சாரக்காரர்களும் கம்பத்தில் காப்பாற்ற முடியாமல் தவிக்கிறார்கள். தொலைபேசி நிறுவனமான டெல்காம் செப்புக் கம்பித் தொலைபேசியை விட்டு ஃபைபருக்கும் வயர்லெஸ்ஸுக்கும் போனதற்குத் திருட்டும் ஒரு காரணம். அவர்களாலேயே முடியாததை நான் என் வீட்டுச் சுவரில் எப்படிக் காவல் காப்பது?

பல அடுக்குக் குழாயில் அலுமினியம் இருக்கிறதே, அதைத் திருட மாட்டார்களா என்று கேட்கலாம். அந்தத் தகடு மிக மெல்லியது, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கிறது, பிரித்தெடுக்கும் கூலிக்குக்கூடத் தேறாது. பிளாஸ்டிக்கையும் சும்மா உருக்கி விற்க முடியாது. பெக்ஸ் வகையில் பாலிஎத்திலீன் இழைகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்திருப்பார்கள், அப்படிப் பிணைக்கும் வழிகளில் ஒன்றை 1960-களில் ஜெர்மனியில் தாமஸ் எங்கல் கண்டுபிடித்தார். பிணைத்தபின் சூடாக்கினால் இளகுமே தவிர உருகி ஓடாது. வெந்நீரைத் தாங்குவதும் அந்தப் பிணைப்பால்தான், பழைய கடையில் ஒரு சென்ட்கூடப் பெறாததும் அதே பிணைப்பால்தான். கழற்றினால் குப்பைக்குத்தான் போகும், சுற்றுச்சூழலுக்கு நல்லதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வெளிச்சுவருக்கு அந்த மதிப்பின்மைதான் காவல். பித்தளை இணைப்புகளையும் வெளியே இருக்கும் பித்தளை டாப்புகளையும் மட்டும் இன்னும் நோட்டம் விடுகிறார்கள், அதனால் வெளித் தோட்டத்து டாப் பிளாஸ்டிக்கிலேயே வாங்கினோம்.

வெறும் பெக்ஸ் வாங்காமல் அலுமினியம் வைத்தது வாங்கியது சூட்டில் நீள்வதற்காக. 10 மீட்டர் வெந்நீர்க் குழாய் 40 டிகிரி சூடேறினால் செம்பு சுமார் 7 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் வைத்தது 10 மில்லிமீட்டர், வெறும் பெக்ஸ் 6 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ. சீலிங்குக்குள் தொய்ந்து பாம்பு மாதிரி நெளிந்துகிடக்கும். மற்றபடி வேலை சுலபம்: கையாலேயே வளைக்கலாம், நெருப்பு வைத்துப் பற்றவைக்க வேண்டாம், மரச்சட்டம் இருக்கும் சீலிங்கில் அது பெரிய நிம்மதி. குழாய் விலை செம்பைவிட வெகு குறைவு. இணைப்புகள் விலை அதிகம், அழுத்தும் கருவி இல்லாத பிளம்பரால் செய்யவும் முடியாது. செம்பு போட நினைப்பவர்கள் விலையைப் பார்த்துக் கிளாஸ் 0 வாங்கிவிடாதீர்கள், அது மெல்லியது, வளைக்கவோ மண்ணில் புதைக்கவோ ஏற்றதில்லை.

கீசரை ஒட்டிய துண்டு மட்டும் எங்கள் வீட்டிலும் செம்புதான். தெர்மோஸ்டாட் கெட்டுத் தண்ணீர் கொதித்தால் பிளாஸ்டிக் தாங்காது, பிளம்பரும் அதில் பிடிவாதமாக இருந்தார். கூரையில் சோலார் கீசர் வைத்திருந்தால் அந்தப் பாதை முழுக்கச் செம்புதான் போட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அலுமினியம் வைத்ததோ இல்லாததோ, பிளாஸ்டிக் நேர் வெயிலில் கிடக்கக் கூடாது. வெளியே ஓடும் இடத்தில் உறை போட்டு மூடியிருக்கிறோம். டர்பன் வெயிலுக்கு அந்த உறையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு காலம் உழைக்கும்? விற்கிறவர்கள் 50 வருடம் என்கிறார்கள். எங்களுடையது இன்னும் சின்னப்பிள்ளை, இதுவரை ஒழுகவில்லை என்பதைத் தவிர என்னால் எதற்கும் சாட்சி சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1970-களின் கடைசியிலிருந்து 1990-களின் நடுப்பகுதிவரை பாலிபியூட்டிலீன் குழாயையும் இப்படித்தான் நம்பி வீடு வீடாகப் போட்டார்கள், தண்ணீரில் இருந்த குளோரினால் உள்ளிருந்தே உளுத்துப்போய் பெரிய வழக்காகி முடிந்தது. இது வேறு பிளாஸ்டிக், ஆனாலும் அந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது. அதனால்தான் சுவரைப் பூசுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்துகாட்டச் சொன்னேன், குழாய் எங்கெங்கே ஓடுகிறது என்று போட்டோவும் எடுத்துவைத்தேன்.

மாடிக் குடியிருப்பிலோ, வாசலில் காவல் இருக்கும் காம்ப்ளெக்ஸிலோ இருக்கிறீர்கள், குழாயெல்லாம் சுவருக்குள்தான், செலவுக்கும் கவலையில்லை என்றால் மாமா பேச்சைக் கேளுங்கள், செம்பே போடுங்கள். தனி வீடு, குழாய் வெளிச்சுவரில், தெருவில் இரவில் விளக்கு எரிகிறதோ இல்லையோ என்ற நிலை என்றால் பிளாஸ்டிக்தான்.