கின்சி மில்ஹோனோடு பதினான்கு ஆண்டுகள்

சூ கிராஃப்டன் எழுதிய கின்சி மில்ஹோன் துப்பறியும் நாவல்கள் மொத்தம் 25. முதல் நாவல் 1982ஆம் ஆண்டிலும் கடைசி நாவல் 2017ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நான் முதலாவதை 2008இல், 28 வயதில் படித்தேன். இருபத்தைந்தாவதை 2022இல், 42 வயதில் முடித்தேன். இடையில் எத்தனையோ துப்பறியும் கதைகளைத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். படித்து முடித்த சிலவற்றில் கொலையாளி யார் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. இந்த வரிசை மட்டும் எப்படி இத்தனை காலம் கூடவே வந்தது என்பதை, இரண்டாம் முறை வாசிக்கத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில் எழுதிவைக்கத் தோன்றியது.

ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்துக்கு ஒரு நாவல் என்பது கிராஃப்டனின் திட்டம். 'ஏ இஸ் ஃபார் அலிபை' என்று தொடங்கி, பர்க்லர், கார்ப்ஸ், டெட்பீட் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் குற்ற உலகத்தோடு தொடர்புடைய ஒரு சொல் தலைப்பில் அமர்கிறது. இருபத்துநான்காவது மட்டும் வெறும் 'எக்ஸ்'. அதற்கு அவர் சொல் எதையும் சேர்க்கவில்லை. தமிழில் இந்த நாவல்களைப் பற்றி எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. 'டி நாவல்' என்றால் நான்காவதா இருபதாவதா, 'பி நாவல்' என்றால் இரண்டாவதா பதினாறாவதா என்று நம் எழுத்து காட்டிக்கொடுக்காது. ஆகவே இங்கே எண்களாலேயே குறிப்பிடுகிறேன்.

கின்சி, கலிஃபோர்னியா மாநிலத்தில் உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளர். இரண்டு முறை மணமுறிவு கண்டவள், குழந்தைகள் இல்லை. ஐந்து வயதில் கார் விபத்தொன்றில் பெற்றோரை இழந்து, ஜின் சித்தியிடம் வளர்ந்தவள். காவல்துறையில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, அந்தக் கட்டுப்பாடுகள் ஒத்துவராமல் வெளியே வந்து, காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரித்துக் கொடுத்துப் பிறகு தனியாகத் தொழில் நடத்துகிறாள். அவள் வாழும் சாந்தா தெரெசா என்ற கடற்கரை நகரம் கற்பனையானது என்றாலும், உண்மையில் அது லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே இருக்கும் சாந்தா பார்பராவின் சாயல். பெயர் ராஸ் மக்டொனால்டின் நாவல்களிலிருந்து, அவருக்குச் செலுத்தும் மரியாதையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெண் துப்பறிவாளர்களைக் கிராஃப்டன்தான் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. மார்ஷியா முல்லரின் ஷாரன் மக்கோன் 1977லேயே வந்துவிட்டார். சாரா பரெட்ஸ்கியின் வி. ஐ. வார்ஷவ்ஸ்கி கின்சியோடு அதே 1982இல் வந்தார். மூவரில் நான் நெருக்கமாக உணர்ந்தது கின்சியைத்தான். அதற்குக் காரணம் என் தொழிலாக இருக்கலாம்.

நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பில்லையும் வவுச்சரையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஒத்துவராத ஒரு தொகையைத் தேடி மூன்று நாள் அலைவதும், கடைசியில் அது எழுத்தரின் கைப்பிழை என்று தெரிந்து கோப்பை மூடுவதும்தான் என் அன்றாடம். கின்சியின் வேலையும் ஏறத்தாழ இதுவே. அவளுக்கு மின்னல்போல ஞானம் பிறப்பதில்லை. கேள்விப்பட்ட ஒவ்வொரு தகவலையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, ஒரு செய்திக்கு ஓர் அட்டை என்று சேர்த்து, இரவில் அவற்றைக் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கிப் பார்க்கிறாள். நூலகத்துக்குப் போய்ப் பழைய நகர விவரத் தொகுதிகளைப் புரட்டி, 'இந்த முகவரியில் இருபது ஆண்டுக்கு முன்னால் யார் குடியிருந்தார்கள், பக்கத்து வீட்டில் யார்' என்று தேடுகிறாள். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளையும் சொத்து வரிப் பட்டியலையும் பார்க்கிறாள். கதவைத் தட்டுகிறாள்; பாதிப் பேர் திறப்பதில்லை. பிறகு தட்டச்சுப்பொறியில் அறிக்கை அடித்து, பெட்ரோல் செலவு உட்படக் கணக்குப் போட்டு, கட்சிக்காரருக்கு அனுப்புகிறாள். பெரும்பாலான நாவல்கள் அந்த அறிக்கையின் கடைசி வரிபோல, பணிவோடு சமர்ப்பிக்கிறேன் என்ற பொருளில் அவள் கையொப்பத்தோடு முடிகின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம், துப்பறிவு என்பதை ஒருவர் கூலிக்குச் செய்யும் வேலையாக, முடித்துக் கொடுக்க வேண்டிய வேலையாக மதித்து எழுதியிருக்கிறாரே என்ற நிறைவு எனக்கு வரும்.

முதல் நாவலில் லாரன்ஸ் ஃபைஃப் என்ற மணமுறிவு வழக்கறிஞர் கொல்லப்பட்டு எட்டு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. கொன்றதாகத் தண்டனை பெற்ற மனைவி நிக்கி சிறையிலிருந்து வெளியே வந்து, உண்மையில் செய்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கின்சியிடம் வருகிறாள். ஃபைஃபைக் கொன்ற நஞ்சு அரளி. இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஆங்கிலேய வாசகரைவிடக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது என்று நினைக்கிறேன். ஆடு மாடு வாய் வைக்காத செடி என்று வேலியோரம் வளர்த்து, அதன் பூவையே கோயிலுக்கு மாலை கட்டும் ஊரில் பிறந்தவர்களுக்கு, அழகான பூவுக்குள் சாவு இருப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னிய நெடுஞ்சாலைகளிலும் நம் நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டிலும் அதே அரளிதான் பூத்து நிற்கிறது. கிராஃப்டன் தம் சொந்த மணமுறிவு வழக்கின் கசப்பில், முன்னாள் கணவரை எப்படிக் கொல்லலாம் என்று இரவுகளில் கற்பனை செய்துகொண்டு படுத்திருந்ததாகவும், அதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்ததாகவும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சிறைக்குப் போகாமல், அந்தக் கோபத்துக்குக் காசும் வாங்கிக்கொண்ட புத்திசாலி.

இந்த வரிசையின் உண்மையான வியப்பு அதன் காலக் கணக்கு. நாவல்கள் வெளிவந்தது 35 ஆண்டுகளில். கதைக்குள் நடப்பதோ 1982 முதல் 1989 வரை. ஏறத்தாழ மூன்றரை நாவலுக்கு ஒரு வயது என்ற வீதத்தில் கின்சி மூப்படைகிறாள். அதனால் 2017இல் எழுதப்பட்ட நாவலிலும் கைபேசி கிடையாது, கணினித் தேடல் கிடையாது. காசு போடும் தொலைபேசிப் பெட்டியும் பதில் பதிவு இயந்திரமும்தான். இது எழுத்தாளருக்கு வசதி என்று முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, அதுதான் கதையின் இயந்திரம் என்று புரிந்தது. ஒருவரைக் கண்டுபிடிக்க நேரில் போக வேண்டும், போனால் பேச வேண்டும், பேசினால் அவருடைய வரவேற்பறையும் அவருடைய பொய்யும் சேர்ந்தே கண்ணில் படும். இன்றைய தேடுபொறி நான்கு அத்தியாயங்களை நான்கு நொடியில் தின்றுவிடும்.

இந்தக் கணக்கு என் வயதோடும் விளையாடியது. தொடங்கியபோது அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஏழாவது நாவல் அவளுடைய 33ஆம் பிறந்தநாளில் தொடங்குகிறது. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தபோது கிடைத்ததாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்த நான் அந்த நூலை அடைந்ததும் என் 33ஆம் வயதில்தான். அன்று அவள் குண்டுவெடிப்பில் அழிந்து திருத்திக் கட்டப்பட்ட தன் வீட்டுக்குக் குடிபோகிறாள். அதே நாளில் தன்னைக் கொல்ல யாரோ கூலி பேசியிருப்பதும் தெரியவருகிறது. நான் விடுதி அறையிலிருந்து முதன்முறையாகத் தனி வாடகை வீட்டுக்கு மாறியிருந்தேன். என்னைக் கொல்ல யாரும் பணம் கொடுக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரே ஒரு கார் நிறுத்தும் கொட்டகையை மாற்றிக் கட்டிய சிறு இருப்பிடம். திருத்திக் கட்டிய பிறகு கப்பலின் அறைபோலத் தேக்குப் பலகையும் வட்டச் சன்னலும் மாடத்தில் படுக்கையுமாக அமைகிறது. வீட்டுக்காரர் ஹென்றி பிட்ஸ், எண்பதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற அடுமனைக்காரர். குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பவர். தெருவிலுள்ள ரோஸியின் ஹங்கேரிய உணவகத்தில், என்ன வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதைச் சாப்பிடு என்று ரோஸியே சொல்வாள். கின்சியிடம் இருப்பது கசங்காத ஒரே கறுப்பு உடை. தலைமுடியை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்கிறாள். வேர்க்கடலை வெண்ணெயும் ஊறவைத்த வெள்ளரியும் வைத்த ரொட்டிதான் விருப்ப உணவு (ஒரு முறை செய்து பார்த்தேன், அதைக் குறித்து வேறெதுவும் எழுத விரும்பவில்லை). பெரிய வீடும் உறவுக்கூட்டமும் இல்லாமல் ஒரு பெண் நிறைவாக வாழ்வதை யாரிடமும் நியாயப்படுத்தாமல், அன்றாடமாகவே காட்டியிருப்பது 28 வயதில் எனக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது என்பதைத் திருமணப் பேச்சுகளுக்கு நடுவே விடுதியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பத்தாவது நாவலில், தனக்கு யாருமில்லை என்று நம்பியிருந்த கின்சிக்கு, ஒரு மணி நேரத் தொலைவிலேயே தாய்வழி உறவினர் கூட்டம் ஒன்று இத்தனை நாளும் இருந்தது தெரியவருகிறது. அவள் மகிழவில்லை, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்ற சினம்தான் வருகிறது. அந்தச் சினம் அடுத்தடுத்த நூல்களில் மெதுவாகத்தான் இளகுகிறது.

தனி நாவலாக மிகச் சிறந்தது எது என்று கேட்டால் இருபதாவதைச் சொல்வேன். பக்கத்து வீட்டுக் கிழவர் கஸ் விழுந்து அடிபட, அவரைப் பார்த்துக்கொள்ள சொலானா ரோஹாஸ் என்ற பெயரில் ஒருத்தி வருகிறாள். அந்தப் பெயரே திருடியது. குற்றவாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அவளுடைய பார்வையிலேயே சில அத்தியாயங்கள் நகர்கின்றன. ஒரு முதியவரை மருந்தாலும் தனிமையாலும் கொஞ்சம் கொஞ்சமாக உலகத்திலிருந்து துண்டித்து, சொத்தைக் கைப்பற்றுவதை அத்தனை நிதானமாக எழுதியிருக்கிறார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பெரியப்பா படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்துபோனார். நாவலை முடித்த மறுநாள், அவர் இல்லாத நேரத்தில் நான் மாத்திரைகளை எண்ணினேன், வங்கிப் புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்த அவர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதினேழாவது நாவலும் தனியாகக் குறிப்பிடத் தக்கது. 1969இல் சாந்தா பார்பரா வட்டாரத்தில் கொலையுண்டு, பெயர் தெரியாமலே புதைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உண்மை வழக்கிலிருந்து பிறந்தது அது. உடலைத் தோண்டியெடுத்து முகத்தை மீட்டுருவாக்கும் பணிக்குக் கிராஃப்டன் தம் பணத்தைக் கொடுத்தார். அந்த முகத்தின் படங்கள் நூலின் இறுதியில் அச்சாகியிருக்கின்றன. பத்தொன்பதாவதில் 1953ஆம் ஆண்டு சூலை 4 அன்று புதுக் காரோடு காணாமற்போன ஒரு தாயை, 34 ஆண்டுகள் கழித்து மகள் தேடச் சொல்கிறாள். கின்சியின் குரலை விட்டுக் கடந்த காலத்துக்குள் நேரடியாகப் போகும் அத்தியாயங்கள் இதிலிருந்துதான் வலுப்பெறுகின்றன.

குறைகளும் இல்லாமலில்லை. ஒவ்வொரு நூலிலும் கின்சி தன்னை முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்வாள். அடுத்தடுத்துப் படிப்பவருக்கு மூன்றாவது முறையிலேயே சலிப்புத் தட்டும். எந்தத் தெருவில் இடப்பக்கம் திரும்பினாள், அந்த வீட்டுச் சோபாவின் உறை என்ன நிறம் என்பதெல்லாம் பிற்கால நாவல்களில் பக்கக் கணக்கில் நீள்கின்றன. தொடக்க நூல்கள் கச்சிதமானவை. இருபதுக்குப் பிந்தியவை அவற்றைப்போல இருமடங்கு தடிமன், அதற்கேற்ற கதை எல்லாவற்றிலும் இல்லை. பன்னிரண்டாவது, சட்டென்று கதவைச் சாத்தியதுபோல முடிந்தது எனக்கு உவக்கவில்லை. காதல் பகுதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கின்சியின் காதலர் டீட்ஸ் வருவார், போவார்.

புதிதாகத் தொடங்குவோருக்கு: வரிசைப்படி படிப்பது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. முதல் நூல் சற்று வறட்சியாகத் தோன்றினால் ஏழாவதையோ, முதல் கணவன் மிக்கியின் மேல் தான் சுமத்திய பழி தவறோ என்று கின்சி தடுமாறும் பதினைந்தாவதையோ எடுத்துப் பார்க்கலாம். மொழி எளிது; வாக்கியங்கள் குறுகலானவை, நகைச்சுவை உலர்ந்தது. பேருந்தில் போகிறவர்களுக்கு ஜூடி கேயின் குரலில் ஒலிநூல்கள் பொருத்தமானவை. திரைப்படமாகவோ தொடராகவோ ஆக்கக் கிராஃப்டன் வாழ்நாள் முழுவதும் உரிமை தர மறுத்தார். தாமே பல ஆண்டுகள் ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதியவர் என்பதால், அங்கே கதைக்கு என்ன நேரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2017 டிசம்பர் 28 அன்று, 77 வயதில் கிராஃப்டன் மறைந்தார். இருபத்தாறாவதற்கு 'ஸீரோ' என்று பெயர் மட்டும் முடிவாகியிருந்தது. வேறொருவரை வைத்து அதை எழுதிக்கொள்ளப்போவதில்லை என்றும், தங்களைப் பொறுத்தவரை அகரவரிசை இனி 'ஒய்' எழுத்தோடு முடிகிறது என்றும் அவருடைய மகள் அறிவித்தார். அந்தச் செய்தி வந்தபோது நான் பதினேழாவது நாவலில் இருந்தேன். அதன்பின் ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் படிக்கவில்லை.

கடைசி நாவலில் கின்சிக்கு வயது 39. எனக்கு மூத்தவளாக அறிமுகமானவளை நான் எப்போது கடந்துவந்தேன் என்றே கவனிக்கவில்லை. இப்போது மறுபடி முதல் நூலில் அவளுக்கு 32, எனக்கு 44; நகக் கத்தரிக்கோலைக் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, ஒழுங்கான இடத்தில் போய் முடி வெட்டிக்கொள்ளடி என்று சொல்லத் தோன்றுகிறது.