பேரீச்சை இறக்க ஒரு கிளியரிங் ஏஜென்ட்: கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறதா?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்களுக்குப் பேரீச்சை, அத்தி, உலர் திராட்சை மொத்த வியாபாரம். முன்பு மும்பை வியாபாரிகளிடம் வாங்கி விற்றோம். இப்போது பேரீச்சையை மட்டும் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து நாங்களே தருவிக்கிறோம். துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் ஏறும் குளிர் கன்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறித் தூத்துக்குடியில் இறங்கும். அதைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துத் தருகிற ஏஜென்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. தூத்துக்குடிக்காரர், துறைமுக வட்டாரத்தில் எல்லோருக்கும் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான்.

சரக்கு வந்து நின்ற பிறகு ஓடியாடும் ஏஜென்ட் ஊரில் நிறைய உண்டு. இவர் சரக்கு அங்கே ஏறுவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடுகிறார். அதற்காகவே இவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்கிற கப்பல் சரக்கு ரசீதின் வரைவு, 'பைட்டோ' என்று சுருக்கமாகச் சொல்லும் தாவர நலச் சான்றிதழ், எந்த நாட்டுச் சரக்கு என்கிற ஒரிஜின் சான்றிதழ், பெட்டியின் நான்கு பக்கத்துப் புகைப்படம் எல்லாம் வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்தால்தான் 'ஏற்றச் சொல்லுங்கள்' என்பார். சப்ளையருக்கு இது எரிச்சல். துபாயில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், வேறு எந்த இந்திய வாடிக்கையாளரும் இப்படிக் கேட்பதில்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

போன ரம்ஜான் சரக்கில் என்ன நடந்தது என்று சொன்னால் அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது விளங்கும். பைட்டோவின் வரைவு வந்த அன்றைக்கே, அவரிடம் ஜி கார்டு (சுங்கத் தேர்வு எழுதித் தேறிய ஏஜென்ட் ஊழியருக்குக் கொடுக்கும் அட்டை) வைத்து வேலை பார்க்கிற தம்பி போன் செய்தார். "அக்கா, பைட்டோல மருந்து போட்ட கட்டம் காலியா இருக்கு. ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க." உலர்பழத்துக்குப் பூச்சி சாக எந்த மருந்தில், என்ன அளவில், எத்தனை மணி நேரம் புகை போட்டார்கள் என்பது அந்தச் சான்றிதழிலேயே எழுதியிருக்க வேண்டும். புகை போட்ட கம்பெனி தனியாகக் கொடுக்கும் தாள் மட்டும் போதாது. அது இல்லாமல் சரக்கு வந்து நின்றால் இங்கே மறுபடி புகை போட வேண்டும், பரிசோதனைக் கட்டணத்தைப் பல மடங்காகக் கட்ட வேண்டும், அதுவரை குளிர் கன்டெய்னருக்குக் கரன்ட் வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். சப்ளையர் முனகிக்கொண்டே திருத்தி அனுப்பினார். அதே தம்பி, அடியில் வைக்கும் மரப் பேலட்டில் கதிர் படம் போட்ட ஐ.பி.பி.சி. முத்திரை (கட்டையில் பூச்சி இல்லாமல் பக்குவம் செய்ததற்கான சர்வதேச அடையாளம்) இருக்கிறதா என்றும் போட்டோ கேட்பார். சரக்கு சுத்தமாக இருந்தும் பேலட் கட்டைக்காக மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

லேபிள் விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது ரொம்பத் தெளிவு. இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் உரிம எண்ணும், பச்சைப் புள்ளி, இவ்வளவும் விட்டுப்போயிருந்தால் சுங்கக் கிடங்கிலேயே பிரிக்க முடியாத ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய இடம் கொடுப்பார்கள். பேக் செய்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண் இவற்றில் கை வைக்கவே முடியாது, அங்கிருந்தே அச்சாகி வர வேண்டும். அப்புறம் அந்த 60 சதவீதக் கணக்கு. இறங்கும்போது ஆயுளில் 60 சதவீதம் பாக்கி இருக்க வேண்டும் என்று பயந்து, நல்ல விலைக்கு வந்த பழைய ஸ்டாக்கை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரிகளை எனக்குத் தெரியும். விதியில் இருப்பது, 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இதில் எது குறைவோ அது. ஒரு வருட ஆயுள் போட்ட பேரீச்சைக்கு மூன்று மாதம் பாக்கி இருந்தால் போதும். எனக்கு இதைச் சொன்னவர் அண்ணாச்சிதான். அதற்காகக் காலாவதியை ஒட்டிய சரக்கை வாங்கிவிடாதீர்கள். வெளியே வந்த பிறகு விற்கவும் நாள் வேண்டுமே.

2025க்குப் பிறகு ஒரிஜின் சான்றிதழில்தான் அவருக்குக் கண். காய்ந்த பேரீச்சை நமக்கு நெடுநாளாகப் பாகிஸ்தானிலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் அதற்கு 200 சதவீத வரி போட்டார்கள், 2025 மே 2 முதல் பாகிஸ்தான் சரக்கே கூடாது என்றார்கள். அடுத்த மாதமே மும்பை பக்கம் நவ சேவா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் 39 கன்டெய்னர்களைப் பிடித்தது. துபாய் வழியாக வந்த பாகிஸ்தான் சரக்கு, 1,115 டன். அதில் காய்ந்த பேரீச்சையும் சிக்கியது. அதிலிருந்து அமீரகத்துப் பேரீச்சை என்றாலே ஒரு சந்தேகப் பார்வை உண்டு. 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கும் அமீரகத்துடனான வணிக ஒப்பந்தத்தின் வரிச் சலுகையைக் கேட்பதாக இருந்தால், பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, எங்கே பேக் ஆனது என்ற விவரம் நம் கையில் இருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாத்தும் வைக்க வேண்டும். அண்ணாச்சி இதற்கு ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி ஃபைல் போட்டு, ஒரு பிரதியை என்னிடம் தருகிறார். முன்பு நான் வைத்திருந்த ஏஜென்ட் சான்றிதழின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம், கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் போயாக வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. கொழும்பில் கப்பல் மாறும் சரக்கில் நாள் முன்னே பின்னே ஆகும். இவருடைய ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் எனக்கு இதுவரை அந்தத் தண்டம் விழுந்ததில்லை. எல்லாம் கணினி வழியாக நடப்பதால், இப்போது அந்தப் படிவத்தைப் பார்க்கிற அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. எங்களுக்கு ஒரு தடவை, ஈரப் பேரீச்சையா காய்ந்த பேரீச்சையா, எந்த வரித் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. மத்தியானம் வந்த கேள்விக்குச் சாயங்காலத்துக்குள் படத்தோடு பதில் போனது.

சாம்பிள் எடுக்கும் கட்டம்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். உணவுத் துறை அதிகாரி பெட்டியைத் திறந்து இரண்டு மாதிரி எடுப்பார், ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று கைவசம். குளிரில் கிடந்த பேரீச்சையில் சர்க்கரை பூத்து வெள்ளையாக நிற்கும், பார்த்தால் பூசணம் மாதிரியே இருக்கும். அந்தச் சமயத்தில் நம் பக்கம் பேசத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். தம்பி அங்கேயே ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, வெள்ளை கரைவதைக் காட்டினாராம். அதற்காக ரிப்போர்ட் சீக்கிரம் வந்துவிடவில்லை, அது ஆய்வகத்தின் வேகம்தான்.

சரி, குறைகள். அவருடைய பில். ஏஜென்சி கட்டணம் ஊரில் மற்றவர்கள் கேட்பதைவிடக் கூடுதல், அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் பில்லில் 'இதர செலவு' என்று ரசீது இல்லாத ஒரு வரி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "எல்லாம் வழக்கம்தானே தங்கச்சி" என்றார். வழக்கத்துக்கு ரசீது கிடையாதா என்றேன். பாதிக்குக் கணக்கு கொடுத்தார், மீதியை நான் கொடுக்கவில்லை. அடுத்த பில்லில் அந்த வரியே காணோம். கேட்காதவர்களுடைய பில்லில் இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, கப்பல் கம்பெனிக்கும் கிடங்குக்கும் நம் சார்பில் கட்டிய தொகைக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். அந்த ரசீதுகளை நம் பெயரிலேயே வாங்கி, கட்டின தொகையை அப்படியே தனியாகக் காட்டினால், அவருடைய கட்டணத்துக்கு மட்டும் வரி போட்டால் போதும். எங்கள் ஆடிட்டர் எழுதிக் கொடுத்த பிறகு மாற்றினார்கள். சுங்க வரியை நான் அவர் கையில் கொடுப்பதே இல்லை, சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் நானே கட்டிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பேரீச்சைக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதம் ஆனபோது, சலான் என் கண் முன்னாலேயே குறைந்ததைப் பார்க்க முடிந்தது.

லாரியும் அவரே ஏற்பாடு செய்வதாகச் சொல்வார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மதுரை லாரி ஆபீஸ் வாடகைக்கும் அவர் சொன்னதற்கும் நல்ல வித்தியாசம். ஒரே ஒரு குறிப்பிட்ட கிடங்குக்குத்தான் கன்டெய்னரைக் கொண்டுபோவார் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே குளிர் கன்டெய்னருக்குப் பிளக் பாயின்ட் குறைவு, ரம்ஜான் சீசனில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கேட்டால் அங்கே நமக்கு ஆள் உண்டு என்கிறார்.

வருடத்துக்கு இரண்டு மூன்று கன்டெய்னராவது இறக்குபவர்களுக்கு இவரைத் தாராளமாகச் சொல்வேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வேறு ஆளோடு கன்டெய்னரைப் பங்கு போட்டு இருபது பெட்டி கொண்டுவருகிறவர்களுக்கு இவர் கட்டணம் கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட சரக்கு என்றால் போனை எடுக்கவும் அவருக்குக் கொஞ்சம் நேரமாகிறது. எடுத்தவுடன் அண்ணாச்சியைக் கேட்காமல் தம்பியைக் கேளுங்கள், வேலை அவரிடம்தான் இருக்கிறது.