சம்மன் கொடுத்தாச்சு என்றார்கள், யாரிடம்?

கலிபோர்னியாவில் இருந்துகொண்டு வெளிமாநிலத்தில் இருப்பவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்களா? சம்மன் கொடுக்க ஆன்லைனில் ஆள் பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஃப்ரீமான்ட்டில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர், லீஸ் முடிய எட்டு மாதம் இருக்கும்போது டெக்சாஸ் போய்விட்டார். லீஸில் இருவர் கையெழுத்தும் இருந்ததால் அவர் பங்கையும் நானே கட்டினேன், 13,600 டாலர். கேட்டுக் கேட்டு அலுத்து, வக்கீல் இல்லாமல் நானே சிவில் வழக்குப் போட்டேன். வழக்குப் போட்டவர் கையால் சம்மன் கொடுக்கக் கூடாது. சம்பந்தமில்லாத, 18 வயது நிரம்பிய யாராவது கொடுக்கவேண்டும். மனுப் போட்ட 60 நாளுக்குள் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியையும் தாக்கல் செய்தாகவேண்டும்.

'50 மாநிலத்திலும் எங்கள் ஆட்கள்' என்று போட்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு 140 டாலர் கட்டினேன். அவசரம் என்று சொன்னதற்கு இன்னொரு 60. அவர்களுக்கு டெக்சாஸில் சொந்த ஆளே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. டாலஸில் ஒரு ஏஜென்சிக்குத் தள்ளிவிட, அவர்கள் பகுதிநேர ஆள் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மெயில்: 'நேரில் கொடுக்கப்பட்டது.'

அதோடு வந்த அத்தாட்சி அறிக்கையைச் சந்தோஷமாகக் கோர்ட்டுக்கு எடுத்துப் போனால் கிளார்க் திருப்பிவிட்டார். வெளிமாநிலத்தில் கையெழுத்திடும் உறுதிமொழியில் 'கலிபோர்னியா சட்டப்படி' என்ற வாசகம் இருக்கவேண்டுமாம். அது இல்லை, நோட்டரி முத்திரையும் இல்லை. சரி, திருத்தி வாங்கலாம் என்று அன்றிரவு உட்கார்ந்து அறிக்கையை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். பெற்றுக்கொண்டவர் அடையாளம்: வெள்ளைக்காரர், வயது சுமார் 55, நரைத்த முடி, உயரம் 6 அடி.

நம்மாள் திருச்சிக்காரர். வயது 31. என் தோளுக்குத்தான் வருவார்.

கூடவே ஒரு கதவுப் படம். வீட்டு எண் 2141. நான் கொடுத்த விலாசம் 2114.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். 'பெயரைச் சொன்னதும் அவர் தலையாட்டினாராம்' என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னாள் போனை எடுத்த பெண். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கட்டணம் முயற்சிக்குத்தானே தவிர கொடுத்து முடிப்பதற்கு இல்லை என்று விதிமுறையைக் காட்டினார்கள். உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தது, பொடி எழுத்தில். அந்த அத்தாட்சியை வைத்து, எதிராளி பதில் சொல்லவில்லை என்று ஒருதலைத் தீர்ப்பு வாங்கியிருந்தால், சம்மனே வரவில்லை என்று அவர் ஒரு மனுப் போட்டு அதை ரத்து செய்திருப்பார்.

இதற்குள் 60 நாள் தாண்டி, ஏன் தாமதம் என்று கோர்ட் விளக்கம் கேட்டது. நீதிபதி நல்லவர், அவகாசம் கொடுத்தார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இத்தனைக்கும் நேரில் கொடுக்க ஆளே தேவையில்லை. எதிராளி கலிபோர்னியாவுக்கு வெளியே இருந்தால், ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினாலே செல்லும். அனுப்பிய பத்தாம் நாள் கொடுத்ததாகக் கணக்கு. கையெழுத்தான அட்டையைக் கோர்ட்டில் காட்டவேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன்தான் கொண்டுபோய்ப் போட்டார். செலவு இருபது டாலர்கூட ஆகவில்லை. ஒன்பதாம் நாள் அந்த ஒப்புகை அட்டை, பச்சை அட்டை, திரும்பி வந்தது (நாம் வருடக்கணக்காகக் காத்திருக்கும் கிரீன் கார்டு இல்லை). அதில் அவருடைய கோணல் கையெழுத்து, லீஸில் இருந்த அதே கையெழுத்து.