திங்கட்கிழமை பிற்பகலின் குரல்கள்: பால் ஃபைன்பாம் வானொலி நிகழ்ச்சி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குக் குடிவருபவரிடம் அக்கம்பக்கத்தார் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "நீங்கள் அலபாமாவா, ஆபர்னா?" இரண்டும் பல்கலைக்கழகங்களின் பெயர்கள். எங்கே படித்தீர்கள் என்று அவர்கள் விசாரிப்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு நீங்கள் ஆள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் இங்கே கால்பந்து என்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் பர்மிங்காமில் குடியேறிய எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகளும் தெரியாது, அந்தக் கேள்வியின் கனமும் தெரியாது. விதிகளைத் தொலைக்காட்சி பார்த்துக் கற்றுக்கொண்டேன். கேள்வியின் கனத்தை எனக்கு உணர்த்தியது, டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காம் வரை ஏறக்குறைய 60 மைல் நீளும் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது கார் வானொலியில் கேட்கத் தொடங்கிய பால் ஃபைன்பாம் நிகழ்ச்சி.

வார நாள்களில் தினமும் நான்கு மணி நேரம், எங்கள் மத்திய நேரப்படி பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை இது ஒலிபரப்பாகிறது. நடத்துபவரான ஃபைன்பாம் 1980களில் பர்மிங்காம் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பத்தி எழுத்தாளராக அறியப்பட்டு, பிறகு வானொலிக்கு வந்தவர். 2013இல் ஈஎஸ்பிஎன் நிறுவனத்தில் சேர்ந்து வட கரோலினாவின் ஷார்லட் நகருக்கு இடம்பெயர்ந்தார். 2014 ஆகஸ்டில் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கென்று தனித் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டதிலிருந்து, வானொலியில் கேட்பதையே படமாகவும் பார்க்கலாம். விருந்தினராக முன்னாள் பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும் வருகிறார்கள். ஆனால் நிகழ்ச்சியைத் தாங்கி நிற்பவர்கள் தொலைபேசியில் வரும் நேயர்கள்தாம்.

இப்படியொரு நிகழ்ச்சி ஏன் இந்த மண்ணில் வேரூன்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். அலபாமாவில் முதல்நிலைத் தொழில்முறைக் கால்பந்து அணியும் இல்லை, கூடைப்பந்து அணியும் இல்லை, பேஸ்பால் அணியும் இல்லை. ஆகவே மாநிலத்தின் பற்று முழுவதும் இரண்டு கல்லூரி அணிகளுக்குள் பாய்கிறது. அவ்விரண்டும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பெயர். இரும்பாலைகளால் வளர்ந்த பர்மிங்காமில் பல்லாண்டுக் காலம் நடந்ததால் வந்த பெயர் அது. 1893இல் தொடங்கிய இந்தப் போட்டி 1907க்குப் பிறகு 41 ஆண்டுகள் நடக்கவேயில்லை. இரு பல்கலைக்கழகங்களுக்கும் அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. 1948இல்தான் மீண்டும் களம் கண்டார்கள். இதைப் பங்காளிச் சண்டை என்றே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே கூரையின் கீழ், இரு தரப்பாரும் இருக்கிறார்கள். திருமணத் தேதி குறிக்கும்போதுகூட ஆட்ட அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

ஒரு நேயர் பேசும் ஐந்து நிமிடத்தை உற்றுக் கேட்டால் இந்த நிகழ்ச்சியின் தரம் புரியும். அழைப்பவர் தம் பெயரோடும் ஊரோடும் அறிமுகமாகிறார். பெரும்பாலும் அந்த ஊர் வரைபடத்தில் தேடினால்தான் கிடைக்கும் சிற்றூராக இருக்கும். சென்ற நவம்பரில் நான் கேட்ட ஓர் அழைப்பு இன்னும் காதில் நிற்கிறது. வயதான ஒருவரின் குரல். லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசினார் போலும், சைகை விளக்கின் டிக் டிக் ஒலி பின்னணியில் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தம் அணியின் பயிற்சியாளரை மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் சாடினார். பிறகு குரல் தணிந்து, காலமான தம் தந்தையோடு முதன்முதலில் ஆட்டம் பார்க்கப் போன நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஃபைன்பாம் குறுக்கிடவில்லை. அவர் முடித்த பிறகும் இரண்டு மூன்று விநாடி மௌனம். வானொலியில் மௌனம் என்பது நெறியாளர்கள் அஞ்சும் பொருள். அந்த மௌனத்தை விட்டுவைக்கத் துணிவதே இவருடைய திறமை என்று கருதுகிறேன். நேயர் கத்தும்போது பெரும்பாலும் இவர் தாழ்ந்த குரலில் ஒரு சிறு கேள்வியை மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பேச்சு திசை திரும்பும்.

அப்படி ஒரு சிறு கேள்வி கேட்ட அழைப்புதான் இந்த நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே மிகவும் அறியப்பட்டது. அதை விளங்கிக்கொள்ள ஆபர்ன் நகரின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே டூமர்ஸ் கார்னர் என்ற நாற்சந்தியில், பல்கலைக்கழக வாயிலை ஒட்டி, 130 ஆண்டு வயதினவாகக் கணிக்கப்பட்ட இரண்டு ஓக் மரங்கள் நின்றன. அணி வென்ற நாள்களில் மாணவர்களும் ஊர்மக்களும் கூடி, கழிப்பறைக் காகிதச் சுருள்களைக் கிளைகளின் மேல் வீசி, மரங்களை வெள்ளையாக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் வெளியூர் ஆட்டத்தின் முடிவு தந்தி வழியே வந்ததும் மூலையிலிருந்த மருந்துக்கடையின் பணியாளர்கள் தந்திக் காகித நாடாவை மின்கம்பிகளின் மேல் எறிந்ததிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது என்று ஊரார் சொல்வார்கள்.

2010 நவம்பர் 26 அன்று அலபாமாவின் சொந்த மைதானத்திலேயே 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், 28-27 என்ற கணக்கில் வென்றது. மறு ஆண்டு ஜனவரியில், டேட்வில் ஊரிலிருந்து அல் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஃபைன்பாமை அழைத்து, அந்த ஆட்டத்துக்குப் பின் தாம் போய் டூமர்ஸ் மரங்களுக்கு நஞ்சு வைத்துவிட்டதாக அறிவித்தார். மரங்கள் செத்துவிட்டனவா என்று ஃபைன்பாம் கேட்டார். இன்னும் இல்லை, ஆனால் நிச்சயம் சாகும் என்று பதில் வந்தது. மண்ணைச் சோதித்தபோது களைக்கொல்லி கலந்திருந்தது உறுதியானது. அழைத்தவர் கைதாகி, பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். எவ்வளவோ முயன்றும் மரங்களைக் காப்பாற்ற முடியாமல் 2013 ஏப்ரலில் அகற்றினார்கள். 2015இல் அதே மூலையில் புதிய ஓக் மரங்களை நட்டார்கள்.

அந்த ஒலிப்பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. பற்று முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பது அதில் அப்பட்டமாகக் கேட்கிறது. ஆனால் அந்த அழைப்பு வந்த அதே 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று சூறாவளிகள் மாநிலத்தைச் சூறையாடி 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரம் குலைந்து கிடந்தபோது, ஆபர்ன் ரசிகர்கள் டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா என்ற பெயரில் ஒன்றுதிரண்டு நிவாரணப் பொருள்களோடு அங்கே போய் நின்றார்கள். நஞ்சூட்டப்பட்ட மரங்களின் பெயரைச் சுமந்துகொண்டு எதிரணியின் ஊருக்கு உதவப் போன அந்த மனிதர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்ச்சியில் பேசுபவர்கள் யாரென்று முழுதாக விளங்கும்.

மற்ற ஊர்களின் வழக்கங்களையும் எனக்குப் பெரும்பாலும் இந்த நேயர்களே கற்றுக்கொடுத்தார்கள். டென்னசியின் நீலண்ட் மைதானத்துக்கு ஆற்று வழியே படகுகளில் வந்து இறங்குவார்கள். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தார் மாட்டு மணிகளை ஆட்டுவார்கள். 1974இல் தடைசெய்யப்பட்ட அந்த மணிகள், இன்ன நேரத்தில் மட்டும் ஒலிக்கலாம் என்ற நிபந்தனையோடு 2010இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்ட் நகரில் குரோவ் என்ற மரத்தோப்பில் ஆட்டத்துக்கு முன் கூடாரம் போட்டு, மேசை விரிப்பிட்டு, உறவினர்களுக்கும் முன்பின் அறியாதவர்களுக்கும் விருந்து படைப்பார்கள். 2022 அக்டோபர் 15 அன்று டென்னசி 52-49 என்று அலபாமாவை வென்று 15 ஆண்டுத் தொடர் தோல்விக்கு முடிவு கட்டியபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய் டென்னசி ஆற்றில் வீசினார்கள். கூட்டமைப்பு 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது ஒன்று. அந்தக் கம்பத்தில் ஒரு கை வைத்துத் தூக்கியதாகச் சொல்பவரின் தொண்டை கட்டிய குரலில் கேட்பது வேறொன்று.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. முதலாவது, பேச்சின் பெரும்பகுதி தெற்கைச் சுற்றியே சுழல்கிறது. அயோவாவில் முதல் கால் பகுதி முடிந்ததும் மைதானமே எழுந்து நின்று, எதிரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையின் சன்னல்களை நோக்கிக் கையசைக்கிறதே, 2017இல் தொடங்கிய அந்த வழக்கத்துக்கு ஈடான ஒன்றை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அதுபோன்ற செய்திகளை இந்த நிகழ்ச்சியில் எதிர்பார்க்க முடியாது. எஸ்.இ.சி. அலைவரிசையின் நிகழ்ச்சி என்பதால் இதை ஓரளவு ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவதை அப்படி ஏற்க என்னால் முடியவில்லை. பயிற்சியாளரை நீக்க வேண்டுமா என்ற ஒரே கேள்வி பருவம் முழுவதும் நிகழ்ச்சியை ஆக்கிரமிக்கிறது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளரை நீக்கியபோது ஒப்பந்தப்படி 7.5 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டியதாயிற்று. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் பயிற்சியாளர் மேல் எழும் கோபம் சில நொடியில் 19 வயது ஆட்டக்காரன் மேல் திரும்பிவிடுகிறது. 2013 நவம்பர் 30 அயர்ன் பௌல் ஆட்டத்தின் கடைசி விநாடியில், அலபாமா உதைத்துக் குறுகிப்போன பந்தை ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் தம் எல்லைக்குள் பிடித்து மறுமுனை வரை ஓடி 34-28 என்று வெற்றி தேடித் தந்தார். முன்னதாக மூன்று உதைகளில் புள்ளி சேர்க்கத் தவறிய அலபாமா மாணவருக்குச் சமூக ஊடகங்களில் கொலை மிரட்டல்கள் வந்தன. மாணவர்கள் விளம்பர வருவாய் பெறலாம் என்று 2021 ஜூலையில் விதி மாறியதிலிருந்து, "சம்பளம் வாங்குகிறவன்தானே" என்ற வாதம் நேயர்களிடம் வலுத்திருக்கிறது. இத்தகைய அழைப்பு வரும்போது நெறியாளர் இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற இடங்களில் அழகாக இருக்கும் அவரது மௌனம் இங்கே இசைவு போலக் கேட்கிறது.

ஆயினும் இந்தத் துறையின் பொது நிலையோடு ஒப்பிட்டால் இது எத்தனையோ மேல். வேறொரு உள்ளூர்க் காலை நிகழ்ச்சிக்கு நான் ஒருமுறை அழைத்தேன். அழைப்பை வடிகட்டுபவர் பெயரையும் ஊரையும் சொல்லவந்த கருத்தையும் குறித்துக்கொண்டு, 40 நிமிடம் காக்க வைத்தார். என் முறை வந்ததும் நெறியாளர் என் பெயரை மூன்று விதமாகச் சிதைத்துச் சிரித்தார். நான் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே விளம்பரம் தொடங்கிவிட்டது. ஆபர்னின் தற்காப்பு வரிசையைப் பற்றிச் சொல்ல வந்தது சொல்லப்படாமலே போயிற்று. ஃபைன்பாம் நிகழ்ச்சியிலோ உச்சரிப்பு வேறுபட்டவர்கள், திக்கிப் பேசுபவர்கள், ஆட்டத்தின் கணக்கையே தவறாகச் சொல்பவர்கள் யாராயினும் முடிக்கும்வரை பேசக் கேட்டிருக்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்தால் அரங்கமும் நெறியாளரின் முகமுமே தெரிகின்றன, நேயர் வெறும் எழுத்தாகத் திரையடியில் ஒதுங்கிவிடுகிறார். பாட்காஸ்டாகவும் கிடைக்கிறது, ஆனால் சூடு ஆறிய பேச்சு. நான் சந்தா கட்டும் ஒரு கைப்பேசிச் செயலி, நேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் விளம்பரத்தைச் செருகி, திரும்பும்போது அழைப்பின் நடுப்பகுதியை விழுங்கிவிடுகிறது. இரண்டு பருவம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை நிறுத்திவிட்டேன். காரின் பண்பலை வானொலிக்குச் செலவும் இல்லை, வெட்டும் இல்லை. தென் மாநிலங்களில் இருப்பவர்கள் அதையே நாடலாம்.

ஆட்டமே தெரியாத தமிழர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். டவுன், யார்டு என்று ஆட்டத்தின் கலைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்க வேண்டாம். சனிக்கிழமை ஓர் ஆட்டத்தின் முடிவை மட்டும் தெரிந்துகொண்டு, திங்கட்கிழமை பிற்பகல் தோற்ற அணியின் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேளுங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை முதல் இரண்டு மணி நேரத்தைத் தவிர்த்தாலும் பெரிதாக இழப்பதற்கில்லை. விருந்தினர்கள் சொன்னதையே சொல்வார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் நடக்கும் அயர்ன் பௌல் முடிந்த திங்களன்று மட்டும், 2 மணிக்கு முதல் அழைப்பிலிருந்தே வானொலியைத் திறந்து வையுங்கள்.