50-ல் 3 பழுது, ஆகவே 2000-ல் 120: ஒரு இன்ஸ்பெக்ஷன் சேவை எப்படி?

பிளாஸ்டிக் பாட்டில் மூடி 2000 வாங்கினேன். சரக்கு கிளம்பும் முன் பார்த்துச் சொல்ல ஒரு இன்ஸ்பெக்ஷன் சேவையை வைத்தேன், பெயர் வேண்டாம். சொன்ன நாளில் ஆள் போனார், ரிப்போர்ட் அன்றே வந்தது, போட்டோக்கள் பளிச்சென்று இருந்தன, பெரிய குறை எது சின்னக் குறை எது என்றும் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதெல்லாம் அருமை.

வில்லங்கம் கடைசிப் பக்கத்தில். 50 மூடி பார்த்ததில் 3 பழுது, 6 சதவீதம், ஆகவே மொத்தச் சரக்கில் 120 பழுது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. விகிதக் கணக்கில் தப்பில்லை, பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுவிடும். ஆனால் அந்த 120 யாரும் எண்ணிப் பார்த்த எண் இல்லையே. வேறொரு 50-ஐ எடுத்திருந்தால் 1 மட்டும் சிக்கியிருக்கலாம், 5 சிக்கியிருக்கலாம், அப்போது இதே கணக்கு 40 என்றோ 200 என்றோ சொல்லியிருக்கும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான பழுது விகிதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்ற கணக்கு) போட்டுப் பார்த்தால் 1.3 முதல் 16.5 சதவீதம் வரை வருகிறது, அதாவது கிட்டத்தட்ட 25 மூடியிலிருந்து 330 வரை! இதற்கு ஒரு வரி செலவழித்திருக்கலாம். சப்ளையர் என்னடாவென்றால், 120 மூடி கூடுதலாக அனுப்பிவிடுகிறேன், கணக்கு தீர்ந்தது என்று அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்று. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுதான மூன்றிலும் மரை பாதிச் சுற்றில் மழுங்கிப் போயிருந்தது, மூன்றின் உள்பக்கத்திலும் குட்டியாக 7 என்று இருந்தது. அது மோல்டின் கேவிட்டி எண், அதாவது மூடி வார்க்கும் அச்சில் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று காட்டும் எண். 8 கேவிட்டி மோல்டு என்றால் எட்டில் ஒரு மூடி அதிலிருந்துதான் வரும், 2000-க்கு 250. அந்த 50-ல் 7-ஆம் எண் மூடி மொத்தம் எத்தனை, அதில் எத்தனை நன்றாக இருந்தன என்று தெரிந்தால் எவ்வளவோ பேசலாம், அதை யாரும் குறிக்கவில்லை. போதாததற்கு, படங்களில் திறந்திருந்த பெட்டி இரண்டே இரண்டு. மற்ற பெட்டிகளைப் பற்றி அந்த 6 சதவீதம் என்ன சொல்லும்?

ஏன் 50 என்று கேட்டதற்கு, அதுதான் எங்கள் வழக்கம் என்றார்கள். மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையில் 1201 முதல் 3200 வரையிலான சரக்குக்கு, சாதாரணச் சோதனை, இரண்டாம் நிலை என்றால் 125 எடுக்க வேண்டும். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுதின் அளவு, சதவீதத்தில்) 2.5 என்று வைத்தால் 7 பழுது வரை ஏற்கலாம், 8 வந்தால் திருப்பி அனுப்பலாம். (அதுவும் ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான், எத்தனை பழுது என்று சொல்ல இல்லை.)

அவர்களை வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: 125 எண்ணிக்கை, எல்லாப் பெட்டியிலிருந்தும், மேலிருந்து மட்டும் எடுக்காமல், கேவிட்டி எண்ணோடு. கேட்டால் செய்கிறார்கள், எனக்கு மறுசோதனை ரிப்போர்ட் அப்படித்தான் வந்தது. இடைவெளி மட்டும் அதிலும் இல்லை, அதை நானே போட்டுக்கொண்டேன். 5-க்கு 3.